கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிபாப் கருவி: ஏர்சென்ஸ் 10 பற்றியும் அதை விடாமல் பயன்படுத்த வைத்த கவனிப்பு பற்றியும்

உறக்க மூச்சுத்தடைக்காகச் சிபாப் கருவி (உறங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி) வாங்குகிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், நிறுவனத்தின் பெயரை விசாரிக்கிறார்கள். வாங்கிய பிறகு முதல் மாதத்தில் நம்மை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை. கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இரவு முழுவதும் அணிந்து உறங்கினால்தான் அதனால் பயன் உண்டு. அப்படி அணிந்திருக்க முடிகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் மாஸ்க்கின் பொருத்தத்தையும், உள்ளே போகும் காற்றின் ஈரத்தையும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு ஆள் இருப்பதையும் பொறுத்தது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், என் கணவர் ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட் கருவியை ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறார். அந்தக் கருவியையும், அதற்காகப் பொள்ளாச்சியில் எங்களுக்குக் கிடைத்த பின்கவனிப்பையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றி எழுதினால் வாங்கப்போகிறவருக்கு அது பாதித் தகவலாகவே இருக்கும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்வதால் மூச்சு பத்து வினாடிக்கோ அதற்கு மேலோ நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. மூச்சு முழுமையாக நிற்பதையும் ஓரளவு குறைவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. என் கணவருக்குக் கடுமையான வகை. அவர் சொந்த லாரியில் தேங்காய் பாரம் ஏற்றிக்கொண்டு கோபாலபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்வருகிறவர். பகலில் கண் சொருகும் நோய் ஓட்டுநருக்கு வந்தால் அது வீட்டுக்குள் அடங்கும் சிக்கல் அல்ல. சாலையில் எதிரே வருகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. நான் இந்தக் கருவியை இவ்வளவு அக்கறையோடு கவனித்ததற்கு அதுவே முதல் காரணம்.

சிபாப் என்பது மூக்கின் வழியாகத் தொடர்ந்து சற்று அழுத்தமான காற்றைச் செலுத்தி, மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் முறை. குலை தள்ளிய நேந்திர வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் போலக் காற்று உள்ளிருந்து தொண்டைக்கு முட்டுக் கொடுக்கிறது. சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் 1981இல் லான்செட் மருத்துவ இதழில் இந்த முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே உறுதியான வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், மூக்கில் ஒரு மாஸ்க் அணிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது விளங்கும். ஆனால் கழற்றி வைக்க முடிகிற சிகிச்சை என்பதே இதன் பலவீனமும் ஆகிறது. நடு இரவில் அரைத் தூக்கத்தில் கையே அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறது.

எங்கள் கருவி ஒரு பெருநகரத்து விற்பனையாளரிடமிருந்து கூரியரில் வந்தது. பெட்டிக்குள் கருவி, குழாய், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் நடுத்தர அளவு மாஸ்க் ஒன்று, தடித்த கையேடு ஆகியவை இருந்தன. மாஸ்க்கின் அளவை யாரும் கேட்கவில்லை. தொலைபேசியில் பேசியபோது, "போகப் போகப் பழகிவிடும்" என்பதற்கு மேல் அவர்களிடமிருந்து எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. காற்று கண்ணுக்குள் கசிந்து, மூக்குத் தண்டில் தழும்பு விழுந்து, அவர் ஒவ்வொரு இரவும் ஓரிரு மணி நேரத்துக்குள் கழற்றிவிட்டார். இந்தப் பக்கத்தில் பலர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் சிபாப் பெட்டி தூசி படிந்து இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொடர்ந்து பயன்படுத்துவாரா, கைவிடுவாரா என்பது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அந்த முதல் வாரத்தில்தான் விற்பனையாளர் காணாமல் போகிறார்.

பொள்ளாச்சியில் ஒரு சிறிய மருத்துவ உபகரணக் கடையில், சுவாச சிகிச்சை படித்த இளைஞர் ஒருவர் மாஸ்க் பொருத்திப் பார்க்கிறார் என்று உறவினர் ஒருவர் சொன்னார். தொலைபேசியில் நான் கருவியைக் குறை சொல்லத் தொடங்கியதும் அந்த இளைஞர் சொன்ன பதில், "அக்கா, மெஷினை அப்புறம் பார்த்துக்கலாங்க, அண்ணனையும் மாஸ்க்கையும் கூட்டிட்டு வாங்க" என்பது. அங்கே நடந்ததை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் ஒரு நல்ல பொருத்துதல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அவர் என் கணவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். உட்கார்ந்திருக்கும்போது பொருந்துகிற மாஸ்க் படுத்ததும் பொருந்தாது. முகத்தின் தசை சரிகிறது, தாடை பின்னுக்குப் போகிறது. பிறகு கருவியை ஓட விட்டு, இரவில் எட்டும் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்தி, மல்லாந்தும் இரு பக்கமும் புரண்டும் படுக்கச் சொல்லி ஒவ்வொரு நிலையிலும் கசிவைப் பார்த்தார். கசிந்தால் நாம் பட்டையை இறுக்குகிறோம். அவரோ பட்டையைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து சற்றுத் தூக்கி, குஷனில் (முகத்தில் படும் மென்மையான விளிம்பில்) காற்று நிரம்பிய பிறகு மெதுவாக அமர்த்தினார். இறுக்க இறுக்கக் குஷன் நசுங்கி மேலும் கசியும் என்பதை எங்களுக்கு வேறு யாரும் சொல்லியிருக்கவில்லை. நடுத்தர அளவுக்குப் பதிலாக மூக்கை மட்டும் மூடும் சிறிய மாஸ்க் என் கணவருக்குச் சரியாக அமர்ந்தது. அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டில் காற்று கசியும் என்பதால், மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் வகையையும் அவர் அணிவித்துப் பார்த்தார்; அது என் கணவருக்கு ஒத்துவரவில்லை.

வாயை மூடும் பெரிய மாஸ்க்கை ஏன் முதலில் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். வாயால் மூச்சு விடுகிறவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதும், அதை அணிகிறவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்துவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. மூக்கு அடைத்திருப்பதால்தான் பலர் வாயால் மூச்சு விடுகிறார்கள் என்பதால், முதலில் மூக்கைக் கவனிக்க வேண்டும் என்று அவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் கொடுத்த மருந்தும் படுக்கும் முன் மூக்கில் அடிக்கும் உப்புநீர் ஸ்பிரேயும் சேர்ந்து மூக்கைத் திறந்தன. கடைக்காரர் ஒருவர் தம்மிடம் விற்பனைக்கு இருக்கும் பொருளை எடுத்து நீட்டாமல் மருத்துவரிடம் அனுப்பினார் என்பதற்காகவே அந்தக் கடையை நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது ஈரப்பதம். இதில் எங்கள் ஊரின் காற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கும் இடைவெளியின் வழியாகக் கார்த்திகை முடிந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கி மாசி வரை நிற்காமல் அடிக்கிறது. உதடு வெடிக்கும், தோல் வெளிறும், புழுதி வீட்டுக்குள் படியும். அந்தக் காற்றை அழுத்தத்தோடு இரவெல்லாம் மூக்குக்குள் செலுத்தினால் மூக்கு காய்ந்து எரிகிறது; எரிந்த மூக்கு தன்னைக் காத்துக்கொள்ள வீங்கி அடைத்துக்கொள்கிறது; அடைத்ததும் வாய் திறக்கிறது; வாய் திறந்ததும் காற்று வெளியேறி என் கணவர் விழித்துக்கொள்கிறார். அதே கருவி ஆடி மாதத்து மழைக்காலத்தில் வேறு விதமாகத் தொல்லை தருகிறது: கருவி சூடாக்கி அனுப்பும் ஈரக்காற்று குளிர்ந்த அறையில் குழாய்க்குள் நீராகத் திரண்டு, முகத்தில் தெறிக்கிறது.

ஏர்சென்ஸ் 10இன் பெரிய சிறப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஈரப்பதமூட்டி கருவிக்குள்ளேயே இருக்கிறது. அதன் அளவை எட்டுப் படிகளில் கூட்டிக் குறைக்கலாம். சூடாக்கப்பட்ட குழாயைத் தனியே வாங்கிப் பொருத்தினால் வெப்பத்தையும் ஈரத்தையும் கருவி தானாகவே சமன் செய்கிறது. அந்தக் குழாயின் விலை அதிகம் என்பதால் நாங்கள் முதலில் சாதாரணக் குழாய்க்குப் பருத்தித் துணியால் உறை தைத்துப் போட்டோம். மழைக்காலத்தில் அதுவே பெருமளவு உதவியது. மார்கழி பிறந்தபோது சூடாகும் குழாயை வாங்கினோம். மூக்கு எரிச்சல் அதோடு நின்றது. கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள், கோயம்புத்தூர் முதல் பாலக்காடு வரை யாராக இருந்தாலும், ஈரப்பதமூட்டி இல்லாத மலிவான கருவியை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

தொட்டியில் ஊற்றும் தண்ணீரும் முக்கியம். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. சோறு வடிக்கும் பாத்திரத்திலேயே வெண்மையாகப் படிவது ஈரப்பதமூட்டித் தொட்டியில் சில வாரங்களிலேயே படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துகிறோம். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டி, தொட்டியைக் கழுவி நிழலில் உலர்த்துவது இப்போது என் மாமியாரின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அத்தை அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கருவியின் பின்புறக் காற்று வடிகட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறார்கள். புழுதிக் காலத்தில் எங்களுக்கு அது அவ்வளவு நாள் வருவதில்லை.

அழுத்தத்தைக் கருவி கையாளும் விதம் திருப்தியாக இருக்கிறது. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் (சிபாப் அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை, மருத்துவர் வகுத்த எல்லைக்குள், மூச்சுக்கு மூச்சு பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிறது. தொடக்கத்தில் மெல்லிய அழுத்தத்தில் தொடங்கி, உறங்கிய பிறகு உயர்த்தும் வசதி உண்டு. மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கும் வசதியும் உண்டு; அதை மூன்று நிலைகளில் வைக்கலாம். எதிர்க்காற்றில் மூச்சு விடுவதைப் போலத் திணறுகிறது என்று முதல் நாட்களில் என் கணவர் சொன்ன புகார் இந்த இரண்டையும் சரியாக அமைத்த பிறகு மறைந்துவிட்டது. கூரியரில் வந்தபோது இவை இரண்டும் அணைத்தே வைக்கப்பட்டிருந்தன. ஓசையும் மிகக் குறைவு. எங்கள் அறையின் மின்விசிறி இதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது.

பழக்கப்படுத்தும் முறையாகப் பொள்ளாச்சி இளைஞர் சொன்னது எளிமையானது. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது மாஸ்க்கைக் கையில் பிடித்து முகத்தில் வைத்து மூச்சு விடுவது; பிறகு பட்டையுடன் அணிவது; பிறகு காற்றுடன் அணிவது; அதன் பிறகே படுக்கையில் அணிவது. மூச்சு முட்டுகிற அச்சம் உள்ளவர்களுக்கு விழித்திருக்கும்போதே அந்த அச்சத்தைத் தீர்ப்பது உலகெங்கும் உறக்க மருத்துவர்கள் கையாளும் வழிதான். இரவில் கழற்றிவிட்டால் தன்னைக் கடிந்துகொள்ளாமல் மறுபடி அணிந்துகொள்ளச் சொன்னதும், பகல் தூக்கத்துக்கும் அணியச் சொன்னதும் நல்ல ஆலோசனைகள்.

காலையில் கருவியின் திரையில் முந்தைய இரவின் கணக்கு வருகிறது: எத்தனை மணி நேரம் அணிந்தார், மாஸ்க் சரியாக ஒட்டியிருந்ததா, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது. முதல் மாதத்தில் இந்தத் திரையை நான் படம் எடுத்துப் பொள்ளாச்சி இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன்; கசிவு கூடியிருந்தால் அன்றே அழைத்துப் பேசுவார். வாங்கிய கடையே வேறு என்று தெரிந்தும் அவர் அதைச் செய்தார். எங்கள் மதிப்பீட்டில் இந்தத் தொலைபேசி அழைப்புகளுக்கு எந்த மாஸ்க்கையும்விட அதிக மதிப்பு உண்டு. அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நோயைப் பற்றிப் பாடம் நடத்துவதைவிட, கருவியின் தரவைப் பார்த்து நோயாளிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருப்பதே அணியும் நேரத்தைத் தெளிவாகக் கூட்டியது என்று கண்டார்கள். தானியங்கிச் செய்திக்கே அந்தப் பலன் என்றால், பெயர் சொல்லி அழைத்து, "அண்ணா, நேத்து மூணு மணிக்கு ஏனுங்க கழட்டுனீங்க" என்று கேட்கும் குரலுக்கு எவ்வளவு பலன் இருக்கும்!

எத்தனை மணி நேரம் அணிந்தால் போதும் என்ற கேள்விக்குப் பலர் நான்கு மணி என்று சொல்கிறார்கள். அந்த எண் அமெரிக்க அரசுக் காப்பீட்டின் விதியிலிருந்து வருவது: முதல் மூன்று மாதங்களுக்குள், தொடர்ந்து வரும் 30 நாட்களில், 70 விழுக்காடு இரவுகளிலாவது நான்கு மணி நேரம் அணிந்திருந்தால்தான் அவர்கள் தொடர்ந்து பணம் தருவார்கள். அது பணம் தருவதற்கான எல்லைக்கோடு. உடல்நலத்துக்கான எல்லை அல்ல. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், பகல் தூக்கத்தைப் பற்றிய உணர்வு நான்கு மணி நேரத்திலேயே மேம்பட்டாலும், அன்றாடச் செயல்பாடு ஏழரை மணி நேரம் வரை கூடக்கூட மேம்பட்டுக்கொண்டே போனது. 2016இல் வெளியான சேவ் ஆய்வில், இந்தியா உட்பட ஏழு நாடுகளைச் சேர்ந்த 2,700க்கும் மேற்பட்ட இதய, மூளை இரத்தநாள நோயாளிகளில் சிபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைத்ததாகக் காட்டவில்லை. அங்கே அவர்கள் சராசரியாக அணிந்தது இரவுக்கு 3.3 மணி நேரம் மட்டுமே. அவ்வளவு குறைந்த நேரம் போதாமல்தான் பலன் தெரியவில்லையா என்ற கேள்வி அந்த ஆய்வைப் பற்றி இன்றும் எழுப்பப்படுகிறது. அதனால் எங்கள் வீட்டில் நான்கு மணியோடு நாங்கள் நிறைவடைவதில்லை.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை மழைக்கு முன்பு காற்றடித்தால் மின்சாரம் போவது எங்கள் பக்கத்தில் வழக்கம். வீட்டு இன்வெர்ட்டரில் கருவி சிரமமில்லாமல் ஓடுகிறது. சூடாக்கும் பகுதிகளை அணைத்துவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறைகிறது. கருவி உள்ளுக்குள் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது, 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் இணைப்பதற்கான மாற்றியை அதே நிறுவனம் விற்பது ஆகிய இரண்டும் லாரிக்காரர்களுக்குப் பெரிய உதவி. இரவில் வண்டியை ஓரம் கட்டிக் கேபினில் உறங்கும்போதும் என் கணவர் இப்போது மாஸ்க்குடன் உறங்குகிறார்.

எங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவில் கள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. மாலையில் அருந்தும் மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சுத்தடையைக் கூட்டுகிறது. மாஸ்க்கை அணிய மறந்து உறங்கவும் வைக்கிறது. மருத்துவர் சொல்லாமல் எடுக்கும் தூக்க மாத்திரைகளும் அவ்வாறே.

குறைகளுக்கு வருகிறேன். ஏர்சென்ஸ் 10 நல்ல கருவியானாலும் விலை எளிய குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகும் குஷன், வடிகட்டி, குழாய் என்று செலவு தொடர்கிறது. முகத்து எண்ணெய்ப் பசையால் குஷன் இளகி, சில மாதங்களில் ஒட்டும் தன்மையை இழக்கிறது. மிதமான சோப்பால் நாள்தோறும் கழுவினால் ஆயுள் சற்றுக் கூடுகிறது. ஈரப்பதமூட்டித் தொட்டியோடு எடுத்துச் செல்லக் கருவி சற்றுப் பருமனானது. பொள்ளாச்சிக் கடையின் குறை, எல்லாம் ஒரே ஆளை நம்பி இருப்பதுதான். அவர் விடுப்பில் இருந்தால் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை. சிறிய அளவுக் குஷன் இருப்பு அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. எல்லை தாண்டிக் கேரளப் பக்கத்து வீடுகளுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் இல்லை. வண்டி வசதி இல்லாத முதியவர் ஒருவர் வேலந்தாவளத்திலிருந்தோ வண்ணாமடையிலிருந்தோ மாஸ்க்குக்காகப் பேருந்து மாறி மாறிப் போவது கடினம். கடை இரண்டாவது ஆளைப் பயிற்றுவித்தால் இந்தப் பகுதி முழுவதற்கும் நன்மையாக இருக்கும். இதை அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

விலை தாங்காமல் பழைய கருவியைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப், பைபாப் (மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வெவ்வேறு அழுத்தம் தரும் கருவி) வகைகள் பலவற்றை, ஓசையை அடக்கும் நுரைப்பொருள் சிதைந்து காற்றுப்பாதையில் கலக்கக்கூடும் என்பதால், 2021 ஜூன் மாதத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கைமாறி வரும் கருவி எந்த வகை, எந்த ஆண்டு, வரிசை எண் என்ன என்று சரிபார்க்காமல் வாங்க வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த அழுத்தம் ஒருவருக்கானது என்பதால், உறவினரின் கருவியை அப்படியே எடுத்து அணிவதும் கூடாது.

ஏர்சென்ஸ் 11 வகை 2021 முதல் சந்தைக்கு வந்துவிட்டது. விலை வேறுபாடு சிறியதாக இருந்தால் புதியதை வாங்கலாம். பெரியதாக இருந்தால் 10ஐ வாங்கி, மிச்சப் பணத்தைச் சூடாகும் குழாய்க்கும் இரண்டாவது குஷனுக்கும் ஒதுக்குவதே எங்கள் பக்கத்துக் காற்றுக்கு ஏற்றது. கருவியை மாத வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. வாய்ப்பிருந்தால் வாடகையில் தொடங்குங்கள். பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம், படுக்க வைத்து, அழுத்தத்தை ஏற்றி, குறைந்தது மூன்று வகை மாஸ்க்குகளை அணிவித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். ஒத்துவராத மாஸ்க்கை எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முதல் மாதம் வாரந்தோறும் கணக்கைப் பார்த்து அழைக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவருடைய எண்ணை வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.